ஒரே ராத்திரியில் பழசான வண்டி

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மேம்பாலத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும் பட்டறைகளில் மூன்றாவதை அதன் உரிமையாளர் காலையில் திறந்தார். ஷட்டர் பூட்டு உடைக்கப்படவில்லை. கருவிகள் எதுவும் குறையவில்லை. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. முந்தைய நாள் மாலை அவர் பூட்டிவிட்டுப் போனபோது அது புது வண்டி. இப்போது பழைய வண்டி.

எண் பலகை அதேதான். எஞ்சினும் அதேதான். இரண்டு மாதம் உட்கார்ந்து அவர் அதில் சேர்த்ததெல்லாம் போயிருந்தது. கையால் தட்டி உருவாக்கிய அலுமினிய டேங்க், தாழ்வான கைப்பிடிகள், ஒருவர் மட்டும் உட்காரும் தோல் ஸீட், உறுமலுக்கென்றே வளைத்த சைலன்சர், கப்பலில் வந்த ஷாக் அப்சார்பர்கள், எதுவும் இல்லை. அவற்றின் இடத்தில் கம்பெனி கொடுத்த பழைய பாகங்கள், ஒரு நட்டுகூடத் தளர்வில்லாமல் முறுக்கப்பட்டிருந்தன. பின்னால் இரும்புக் கேரியர்கூடத் திரும்பி வந்திருந்தது.

"திருட வந்தவன் வண்டியை சர்வீஸ் பண்ணிட்டுப் போயிருக்கான்," என்றான் ரேடியோ. "அட்ரஸ் கிடைச்சா என் ஸ்கூட்டரையும் விட்டுடலாம்."

ரேடியோ என்பது பட்டப்பெயர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றித் தன் சொந்தக் கருத்தையும் மைக்கில் சொன்னதால் வேலை போயிற்று. அதன் பிறகு சர்வேயரம்மாவிடம் சேர்ந்தான். அவர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். வேலையை விட்டும் பெயர் விடவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். ஆள் குள்ளம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால், வருகிறவர்கள் அவரிடமே "சர்வேயர் எப்ப வருவாங்க?" என்று கேட்பார்கள்.

பட்டறைக்காரர் அவர்களைத் தேடி வந்ததற்குக் காரணம் டேங்க்கும் சைலன்சரும் மட்டுமல்ல. ஷட்டருக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவரிடம். இன்னொன்று அவர் மனைவியின் தம்பியிடம். பட்டறையை இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள். மச்சினன் கை வேலைக்காரன், பட்டறைக்காரர் வாய் வேலைக்காரர், இப்படித்தான் ஊரே சொல்லும். போன வாரம் ஏதோ வாய்த்தகராறில் மச்சினன் தனியாகப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறான். இன்று இப்படி. அன்று மாலை வாடிக்கையாளர் வண்டியை எடுக்க வருகிறார்.

"வீட்ல இன்னும் சொல்லல," என்றார் பட்டறைக்காரர், குரலைத் தாழ்த்தி. "இவன்தான்னு ஆயிட்டா இவன் இந்தப் பட்டறையில இருக்க முடியாது. இவனை அனுப்பிட்டு நான் என் வீட்டுக்குள்ள போக முடியாது. அவன் இல்லைன்னாவது சொல்லுங்க, அவன்தான்னாவது சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள."

மச்சினன் பட்டறையின் கோடியில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். நெடிய ஆள். டயர் மேல் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காது வரைக்கும் வந்தன. காலையிலிருந்து அவனிடம் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தானாம்: நான் எதையும் திருடவில்லை. நேற்று இரவு எங்கே இருந்தாய் என்றால் வாய் திறப்பதில்லை. மாமா கையை நீட்டிய உடனே சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். அதுதான் பட்டறைக்காரரை அதிகம் உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமாம்.

சர்வேயரம்மா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய பாகங்கள் எங்கே இருந்தன என்று விசாரித்தார். பட்டறைக்காரர் மேலே கையைக் காட்டினார். பரணில் அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கழற்றுகிற எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். வண்டியின் இரும்புச் சட்டத்தை வெட்டமாட்டார்கள், துளை போடமாட்டார்கள். வாடிக்கையாளருக்குச் சலித்துப்போனால் வண்டியைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். தொழிலுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த ஏற்பாடு இப்போது திருடனுக்கு வசதியாகப் போய்விட்டது என்று அவர் நொந்துகொண்டார்.

"ரேடியோ, ஏறி உட்காரு," என்றார் சர்வேயரம்மா.

பெட்டியைப் பார்க்கப் பரணில் ஏறச் சொல்கிறார் என்று நினைத்து அவன் ஏணியைத் தேடினான். அவர் வண்டியைக் காட்டினார். உட்கார்ந்தான்.

"கண்ணாடியில என்ன தெரியுது?"

ரேடியோ இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு வலப்பக்கம். "என் சட்டை மேடம். ரெண்டு பக்கமும் சட்டைதான். மேல் பட்டன் பிஞ்சிருக்கறது இப்பதான் தெரியுது."

அவனை இறக்கிவிட்டு அவர் ஏறினார். புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, கால் நுனி தரையைத் தொட, கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிளட்ச் லீவரை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். இறங்கி, பட்டறைக்காரரிடம், காலையிலிருந்து யாராவது இந்தக் கண்ணாடிகளைத் தொட்டார்களா என்று கேட்டார். யாரும் விரல்கூட வைக்கவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார்.

"வாடிக்கையாளர் எவ்வளவு உயரம்?"

"பல் டாக்டர். இந்த ஷட்டரை முழுசா ஏத்தலைன்னா குனிஞ்சுதான் வருவார்."

டயர் மேலிருந்த மச்சினன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். சர்வேயரம்மா அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் அவர் ரேடியோவுக்கு விளக்கினார். அந்தக் கண்ணாடிகள் இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்தவை. மாட்டி முறுக்கிவிட்டால் ஒன்று வானத்தைப் பார்க்கும், ஒன்று சாக்கடையைப் பார்க்கும். இவை இரண்டும் அவர் உயரத்துக்குக் கச்சிதமாகப் பின்னால் இருக்கும் ரோட்டைக் காட்டின. கிளட்ச் லீவரும் சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"திருடறவன் கண்ணாடியைத் திருப்பி வெச்சுட்டுப் போகமாட்டான், ரேடியோ. ஓட்டப்போறவங்கதான் திருப்புவாங்க. அதுவும் யோசிச்சு இல்ல. உட்கார்ந்த உடனே கை தானாப் போகும்."

"அப்ப குள்ளமான ஆள். நீங்க நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க மேடம்?"

அவர் நடையைக் கட்டினார்.

ரேடியோவுக்கு உடனே ஒரு ஆள் கிடைத்துவிட்டான். வரிசையின் கடைசியில் இன்னொரு பட்டறை இருந்தது. அதுவும் வண்டிகளுக்கு வேஷம் கட்டுகிற இடம்தான். அதன் உரிமையாளர் பட்டறைக்காரருக்குப் பரம்பரைப் பகைபோல நடந்துகொள்பவர், ஆளும் சர்வேயரம்மாவின் உயரம்தான் இருப்பார். ரேடியோ கேஸ் முடிந்துவிட்ட குஷியில் இரண்டு எட்டு முன்னாலேயே போனான்.

குட்டை மெக்கானிக் மெருகேற்றும் பஃபிங் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, விஷயத்தைக் கேட்டு, முதலில் மனம் விட்டுச் சிரித்தார். பிறகு அந்த டேங்க் போய்விட்டதா என்று கேட்டபோது அவர் முகம் உண்மையாகவே வாடியது. அந்த டேங்க்கைத் தான் ஒருமுறை பார்த்திருப்பதாகவும், அது மச்சினன் தட்டியது என்றும், தன் கையால் அப்படி ஒன்று வராது என்றும் சொன்னார். பகைவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியாது.

"நான் எடுத்திருந்தா டேங்க்கை மட்டும் எடுத்துட்டு ஓடியிருப்பேன். பழசை எதுக்குய்யா திரும்ப மாட்டணும்? எதிரிக்கு இலவச வேலையா?"

நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் ரேடியோ விடவில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்திருக்கலாமே என்றான். குட்டை மெக்கானிக்குக்கு முகம் சிவந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றும், சின்ன வயதில் ஒருமுறை விழுந்ததோடு சரி என்றும், தினமும் பஸ்ஸில்தான் வருவதாகவும் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எந்த பஸ் என்று ரேடியோ கேட்டான். நம்பரைச் சொன்னார். அந்த வண்டியின் பிரேக் சரியில்லை என்று எச்சரித்துவிட்டுத்தான் ரேடியோ அங்கிருந்து கிளம்பினான்.

"இப்ப யாரு மேடம்?"

"வண்டியை ஓட்டப்போறது யாரோ அவங்க. அதைப் பல் டாக்டர்கிட்டதான் கேக்கணும். ஆனா பட்டறைக்காரர் அவர்கிட்ட எதுவும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்." அவர் ரேடியோவை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குப் பல் வலி இருக்கா?"

"இல்லையே."

"வரும்."

பல் மருத்துவமனை ஒரு வங்கிக்கு மேலே இருந்தது. வெள்ளைச் சுவர், மீன் தொட்டி, பல் தேய்க்கும் முறையை விளக்கும் படம். ரேடியோவை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சும் உறிஞ்சுகுழாயும் வைத்துவிட்டார்கள். அவன் பேசாமல் கிடந்த முதல் மணி நேரம் அதுதான் என்று சர்வேயரம்மா பிற்பாடு பலரிடம் சொன்னார். மருத்துவர் நெட்டையான, மென்மையான மனிதர். கருவியைக் கையில் எடுக்கும் முன்னால் அதனிடமே மன்னிப்புக் கேட்பவர்போல இருந்தார்.

சர்வேயரம்மா சுவரில் இருந்த ஒரு புகைப்படத்தின் முன்னால் போய் நின்றார். மண் ரோடு. ஓரத்தில் ஒரு மாடு. அதன் பக்கத்தில், ஹெல்மெட் போட்ட ஒரு சிறிய உருவம், மோட்டார் சைக்கிள் மேல் கால் நுனியை ஊன்றி உட்கார்ந்திருந்தது. கேரியரில் ஒரு தகரப் பெட்டி கட்டியிருந்தது. வண்டியில் இருந்தது பழைய டேங்க், பழைய சைலன்சர். வண்டியின் எண் காலையில் பார்த்த எண்.

"இந்த வண்டியை யார் ஓட்டுறாங்க, டாக்டர்?"

மருத்துவரின் முகம் மலர்ந்தது. அது தன் மனைவி என்றார். கால்நடை மருத்துவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வண்டி. மழையானாலும் சேறானாலும் அதில்தான் பண்ணை பண்ணையாகப் போவாள். தானும் மருத்துவர், அவளும் மருத்துவர், ஆனால் தன் நோயாளிகள் மட்டும்தான் புகார் சொல்கிறார்கள் என்றார். இது அவர் அடிக்கடி சொல்கிற ஜோக் என்று நர்ஸின் முகத்திலிருந்து தெரிந்தது. பிறகு, அடக்க முடியாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இன்னைக்கு எங்க கல்யாண நாள். வண்டியில எஞ்சின் வேலைன்னு சொல்லி வாங்கிட்டுப் போயி, முழுக்க மாத்தி வெச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் கொண்டு வந்து வாசல்ல நிறுத்தினா அசந்துபோயிடுவா."

நாற்காலியிலிருந்து ரேடியோ ஏதோ சொன்னான். பஞ்சு தடுத்துவிட்டது.

சர்வேயரம்மா வாழ்த்துச் சொன்னார். அம்மா இன்று எங்கே என்று சாதாரணமாகக் கேட்டார். விடியற்காலையில் ஒரு பண்ணையிலிருந்து ஆள் வந்து, கன்று ஈன முடியாமல் தவிக்கிற மாட்டுக்காக அழைத்துப் போய்விட்டான் என்றும், வண்டி இல்லாததால் பால் வேனில் ஏறிப் போனாள் என்றும், அந்தப் பக்கம் போனும் எடுக்காது என்றும் மருத்துவர் சொன்னார். பண்ணைக்கு வழியும் சொன்னார். ரேடியோவின் கடைவாய்ப் பல்லில் உண்மையாகவே ஒரு சொத்தை இருந்தது. அதையும் அடைத்து அனுப்பினார்.

மரத்துப்போன உதட்டோடு ரேடியோ வழியெல்லாம் பேசினான். அவன் சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதி சரியாக இருந்தது. வண்டி அம்மாவுடையது. மாற்றச் சொன்னவர் ஐயா. அந்தத் தோல் ஸீட்டில் மருந்துப் பெட்டியை எங்கே கட்டுவது? அந்தத் தாழ்ந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் எப்படிப் போவது? ஒரு டிராக்டரைக் கடனுக்கு வாங்கிப் பந்தயக் கார் ஆக்கித் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றான். சர்வேயரம்மா ஒன்றைத்தான் சேர்த்துக்கொண்டார். வண்டியை ஒரே இரவில் பழையபடி ஆக்குவது தனி ஆள் வேலையில்லை. ஷட்டரைத் திறக்க ஒரு சாவியும் வேண்டும்.

"அப்ப மச்சினன்தான்," என்றான் ரேடியோ, சுருதி இறங்கி. அந்த நெட்டையனை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

பண்ணையில் கால்நடை மருத்துவர் ஒரு கவிழ்த்த வாளி மேல் நின்றிருந்தார். வலது கை தோள் வரைக்கும் மாட்டுக்குள் இருந்தது. சர்வேயரம்மாவைவிட அரை அங்குலம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். யார் நீங்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கயிற்றைப் பிடியுங்கள் என்றார். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். இழு என்றால் இழுத்தான், நிறுத்து என்றால் நிறுத்தினான். கடைசியில் ஈரமும் கால்களுமாக ஒரு கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. ரேடியோவும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

கால்நடை மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சர்வேயரம்மா அருகில் போனார்.

"உங்க வண்டியில உட்கார்ந்து பாத்தேன். கண்ணாடி ரெண்டும் எனக்கு அளவெடுத்து வெச்ச மாதிரி இருந்தது."

அவர் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஓட்டிப் பாக்கலையே? சோக் கொஞ்சம் இழுத்தாதான் எடுக்கும்."

ஒளிக்கிற எண்ணமே அவரிடம் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார். எஞ்சின் வேலை இவ்வளவு நாளா என்று சந்தேகப்பட்டு, திங்கட்கிழமை பட்டறைக்குத் தானே போன் செய்திருக்கிறார். எடுத்தது மச்சினன். நீங்கள் யார் என்று அவன் கேட்க, வண்டிக்காரி என்று இவர் சொல்ல, அவன் வண்டி எண்ணை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தானாம். மாமா மாலையில் வீட்டுக்குப் போனதும் வந்து பாருங்கள் என்றான். போய்ப் பார்த்தார். தன் வண்டியை அடையாளம் தெரியவில்லை. பிறர் வண்டியை வெட்டிக் கூறுபோட்டுவிட்டீர்கள், போலீசுக்குப் போவேன் என்று அவனிடம் கத்தியிருக்கிறார். அவன் மறுத்துப் பேசவில்லையாம். ஏணியில் ஏறிப் பெட்டிகளை இறக்கியிருக்கிறான். ஒரு ராத்திரி கொடுங்கள், எதுவும் வெட்டவில்லை, எல்லாம் இருக்கிறது என்று மட்டும் சொன்னானாம்.

"நானும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த டேங்க்கைக் கழட்டும்போது அந்தப் பையன் முகத்தைப் பாக்க முடியல. அப்பதான் எனக்குக் கோபம் போச்சு."

பிறகு ஒன்று கேட்டிருக்கிறார். கணவர் ஆசையாகச் செய்தது. இது தனக்கு வேண்டாம் என்று அவரிடம் தானே, தன் வாயால், தனியாகச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு வரக்கூடாது. அதுவரைக்கும் மாமாவிடம்கூட மூச்சு விடக்கூடாது. மச்சினன் வாக்குக் கொடுத்தான். காலையில் பட்டறை திறந்ததும் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போவதாக இவருடைய திட்டம். மாடு முந்திக்கொண்டது.

சர்வேயரம்மா பட்டறையில் காலையில் நடந்ததைச் சொன்னார். சாவியைக் கழற்றிக் கொடுத்ததையும் சொன்னார். கால்நடை மருத்துவரின் முகம் மாறியது. கையைத் துடைக்காமலே சர்வேயரம்மாவின் காரில் ஏறினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டறைக்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தார். மச்சினன் தன் சொந்த ஸ்பேனர்களைத் துணியில் சுற்றிக் கட்டிவைத்திருந்தான். கால்நடை மருத்துவர் நேராக உள்ளே போய், தான் யார் என்றும், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்றும், நேற்று இரவு அங்கே யார் யார் இருந்தார்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பையனை வாய் திறக்காமல் வைத்தது தான் என்றும் சொன்னார்.

பட்டறைக்காரர் மனைவியின் தம்பியைப் பார்த்தார்.

"வண்டி யார் பேர்ல இருக்குன்னு பேப்பரைக் கேளுங்கன்னு நீ சொன்ன இல்ல?"

"சொன்னேன் மாமா."

"போன வாரமும் சொன்ன."

"அதுலதான் சண்டை வந்துச்சு."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

"ஒரு நட்டு மாத்தினாலே டாக்டருக்கு போன் போட்டுச் சொல்றவர் நீங்க. சொன்னா அடுத்த நிமிஷம் போட்டிருப்பீங்க." மச்சினன் துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அதோட, உங்களை ஒரு பொம்பளை போலீசுக்கு இழுக்கறதைப் பாத்துட்டு அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்."

பட்டறைக்காரரின் வாய் வேலை செய்யவில்லை. கடைசியில் பட்டறைக்காரர், ஏதாவது கேட்டாக வேண்டுமே என்பதுபோல, அப்படியென்றால் புதுப் பாகங்கள் எல்லாம் எங்கே என்று சர்வேயரம்மாவிடம் கேட்டார்.

அவர் பரணைக் காட்டினார். "பழசெல்லாம் அந்தப் பெட்டியிலேர்ந்து இறங்கி வண்டியில ஏறிடுச்சு. அப்ப அந்தப் பெட்டி காலி. காலிப் பெட்டியை யாராவது மூடி, கயிறு கட்டி, வரிசையா அடுக்குவாங்களா? காலையில வந்த உடனே பாத்தேன். பொருள் எங்கயும் போகலைன்னு தெரிஞ்சுபோச்சு. யார், எதுக்குன்னுதான் தெரியல."

"என்கிட்ட சொல்லலையே மேடம்," என்றான் ரேடியோ. "சொத்தையில்லாமலே முடிச்சிருக்கலாம்."

ஏணியில் ஏறி அவனே முதல் பெட்டியை அவிழ்த்தான். பழைய போர்வையில் சுற்றி, அலுமினிய டேங்க் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. பல் மருத்துவர் ஷட்டருக்குக் குனிந்து உள்ளே வந்தார். கையில் ரோஜாப் பூங்கொத்து. முதலில் பழையபடி நின்ற வண்டியைப் பார்த்தார், பிறகு அதன் பக்கத்தில் சேறும் வைக்கோலுமாக நின்ற மனைவியை, பிறகு ஏணியில் டேங்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த தன் நோயாளியை.

சர்வேயரம்மா மற்ற எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். ரேடியோ ஏணியில் மாட்டிக்கொண்டான். அசைந்தால் டேங்க் விழும். அதனால் அவன் கேட்க நேர்ந்தது.

கால்நடை மருத்துவர் கத்தவில்லை. நேற்று இரவு இதில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். கைப்பிடி எட்டவில்லை, கால் தரையைத் தொடவில்லை, பெட்டி கட்ட இடமில்லை என்றார். கணவர் பூங்கொத்தின் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அழகாக இருக்குமென்று நினைத்தேன் என்றார்.

"அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த உயரமும் அந்தக் கையும் எனக்கு இல்ல. யாருக்கு சரியா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசிக்க வெகு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காது நுனி சிவந்தது.

"எனக்கு இந்த வயசுல எதுக்கு," என்றார்.

"ஆசைக்குத்தான். கேட்டிருந்தா நானே வாங்கிக்கச் சொல்லியிருப்பேன். என் வண்டியைத் தொடாதீங்க."

பூங்கொத்தை வாங்கி, கேரியரில் தகரப் பெட்டி கட்டும் இடத்தில் வைத்துக் கட்டினார். சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பினார். கணவரைப் பின்னால் ஏறச் சொன்னார். ஏறினார். அவர் ஹெல்மெட் ஷட்டரில் இடித்தது.

பல் மருத்துவர் அந்த மாதக் கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அதே பட்டறையில் விட்டார். அலுமினிய டேங்க்கும் மற்றப் பாகங்களும் அதில் பொருத்தப்பட்டன.

மார்ச் பத்தாம் தேதி, புதன்கிழமை, பட்டறை வழக்கமான நேரத்தில் திறந்தது. பட்டறைக்காரரும் மச்சினனும் வேலைக்கு வந்திருந்தார்கள்.